நாற்பத்தைந்து

எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தைந்து.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி எண்ணினேன்.
இன்னொரு செல். இன்னொன்று.
இருபதிலும் அதே கணக்கு.
"ஏசி போச்சு" என்று எபிநேசர் கத்துகிறான்.
மே மாத வேலூர்
ஜன்னல் கம்பி வழியாகக் கையை உள்ளே நீட்டுகிறது.

செஃபாலி மண்டல், வயது இருபத்தாறு, மால்டா.
மூன்று முறை கலைந்தது என்று சீட்டில் இருக்கிறது.
இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து
காட்பாடியில் இறங்கி
தண்ணீரில்லாத பாலாற்றை ஆட்டோவில் தாண்டி வந்தவள்.
அவள் ரத்தத்தை மூன்று நாள்
உடம்புச் சூட்டில் வைத்து வளர்த்தேன்.
வங்காள எழுத்துப் பலகை மாட்டிய லாட்ஜில்
அவள் தூங்கும்போதும் பொரி தின்னும்போதும்
இங்கே அவள் பெருகிக்கொண்டிருந்தாள்,
அவளுக்கே தெரியாமல்.

படிக்க வேண்டுமென்றால் கொல்ல வேண்டும்.
அதுவும் நேரம் பார்த்து:
ஒன்று இரண்டாகப் பிரியப் போகிற,
இன்னும் பிரியாத அந்தக் கணத்தில்.
அப்போதுதான் குரோமோசோம்கள்
முறுக்கித் தடித்துக் கண்ணுக்குத் தெரியும்.
மற்ற நேரமெல்லாம் சிக்கெடுக்காத நூல்.
அதற்கு ஒரு சொட்டு மருந்து,
கண்வலிக் கிழங்கில் இருக்கிற நஞ்சுக்கு
ஒன்றுவிட்ட தங்கை.
ஒடுகத்தூர் தாண்டி, ஜவ்வாது மலைச் சரிவில்
வேலி தீப்பிடித்த மாதிரி பூக்குமே, அந்தக் கொடி.
மாநிலப் பூ என்கிறது அரசாங்கம்.
எங்கள் ஆடு ஒன்று அதைத் தின்றுவிட்டு
மறுநாள் விறைத்துக் கிடந்தது.
அதன் உறவுக்காரியை அளந்து ஊற்றிச்
சம்பளம் வாங்குவேன் என்று யார் கண்டது.

பதின்மூன்றும் பதினான்கும்
தலையோடு தலை ஒட்டி நிற்கின்றன.
முக்கியமாக எதுவும் தொலையவில்லை,
இரண்டு புத்தகத்தை ஒரே அட்டையில் தைத்த மாதிரி.
அவளுக்கு ஒரு நோயும் இல்லை.
பிள்ளைக்குப் பங்கு பிரிக்கும்போதுதான்
சில சமயம் கணக்கு இடிக்கும்,
ஒரு பாகம் கூடும், அல்லது குறையும்.

வழக்கமாக இங்கே பேனாவை எடுப்பேன்.
இன்று ஸ்லைடை லேசாக நகர்த்தினேன்,
அதே செல்லில், இரண்டாம் எண் வரை.
நீளமானது. எனக்கும் இருக்கிறது, எபிநேசருக்கும்,
கீழே டோக்கன் கூப்பிடுகிற ஆளுக்கும்.
அதன் உடம்பில் ஒரு தையல் உண்டு.
என் மைக்ரோஸ்கோப்புக்குத் தெரியாது,
எழுத்தெழுத்தாகப் படித்தவர்கள் கண்டது.
கோடியில் இருக்க வேண்டிய எழுத்துகள்
உள்ளே முகத்தோடு முகம் மோதிக் கிடக்கின்றனவாம்.
சிம்பன்சிக்கு நாற்பத்தெட்டு, நமக்கு நாற்பத்தாறு.
தொலைக்கவில்லை. ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் ஒருத்தி இருந்திருப்பாள்,
அல்லது ஒருவன்,
நாற்பத்தேழோடு.
எந்த ஆற்றங்கரை, எத்தனை லட்சம் வருடம்,
யாருக்கும் சரியாகத் தெரியாது.
நான் ஒருத்தி என்றே வைத்துக்கொள்கிறேன்.
அவளுக்கும் கலைந்திருக்கும்.
ரத்தம் பட்ட புல்லைப் பார்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.
டோக்கன் இல்லை. சீட்டு இல்லை.
துக்கத்துக்கு ஒரு சொல் இருந்ததோ என்னவோ.
பிறகு ஒன்று தங்கியது.
இந்த இரண்டாம் எண்ணை
நாம் எல்லோரும் வாங்கியது அவளிடம்தான்.

ரிப்போர்ட்டில் இதை எழுதக் கட்டம் இல்லை.
நாற்பத்தைந்து, இரண்டு எக்ஸ், எது எதோடு ஒட்டியது,
அவ்வளவுதான் என் வேலை.
கையெழுத்து டாக்டருடையது. சொல்வதும் அவர்தான்:
வாய்ப்பு நிறையவே இருக்கிறது, பயப்படாதீர்கள்,
அடுத்த முறை ஆரம்பத்திலேயே வந்துவிடுங்கள்.

ஐந்தரைக்கு பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்
வங்காளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி
தர்ப்பூசணியைப் புருஷனோடு பங்கு போட்டாள்.
அவனுக்குப் பெரிய துண்டு வந்துவிட்டது.
செஃபாலியா, வேறு யாருமா.
முகம் எனக்குத் தெரியாது.
எட்டாவது செல்லைக் காட்டினால்
அடையாளம் சொல்வேன்.

அவள் துப்பிய விதை
என் செருப்பருகே விழுந்தது.
"சாரி" என்றாள்.
"பரவால்ல" என்றேன்,
அவளுக்குப் புரியாத தமிழில்.